பாதிக் கிணறு தாண்டினால் போதுமா?
வேப்புக்கு மாறிய பிறகும் சிகரெட்டை முழுமையாக விட முடியாத மூத்தோருக்கு

கிள்ளானில் வசிக்கும் 66 வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்காட்டாக நினைத்துக்கொள்வோம். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். நாற்பது ஆண்டுகளாக ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடித்தவர். இருமல் அதிகமானதும் அவருடைய மகன் ஒரு வேப் வாங்கிக் கொடுத்து, "அப்பா, இனிமேல் இதை இழுங்க. சிகரெட்டை விட்டுடலாம்" என்றார்.

முதல் மாதத்திலேயே இருபது சிகரெட் ஐந்தாகக் குறைந்தது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஓராண்டு கழிந்த பிறகும் அந்த ஐந்து, ஐந்தாகவே இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் ஒன்று. காலைக்கடனுக்குப் போகும்போது ஒன்று. கடையில் தே தாரிக் குடித்துவிட்டு வெளியே வந்து ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. இரவு படுக்கும் முன் ஒன்று. இடைப்பட்ட நேரமெல்லாம் வேப்.

"முக்கால்வாசி விட்டுட்டேனே, இது போதாதா?" என்பது அவருடைய கேள்வி. உங்களுக்கும் இதே கேள்வி இருந்தால், இந்தக் கையேடு உங்களுக்காகத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இருபதை ஐந்தாகக் குறைத்தது சிறிய முயற்சி அல்ல. அந்த மன உறுதி உங்களிடம் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் பாதிக் கிணறு தாண்டியவர் அக்கரை சேர்வதில்லை. மீதமுள்ள அந்தச் சில சிகரெட்டுகளையும் விட்டால்தான் நீங்கள் பட்ட பாட்டுக்கு முழுப் பலன் கிடைக்கும்.

குறைத்தால் ஆபத்தும் அதே அளவு குறையாதா?

இருபது சிகரெட் பிடித்தால் இருபது பங்கு ஆபத்து, ஒன்று பிடித்தால் ஒரு பங்கு ஆபத்து என்று நாம் எண்ணுவது இயல்பு. இதயத்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பொருந்தாது.

2018ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, 141 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு, இருபது சிகரெட் பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருந்தது. பெண்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பக்கவாத அபாயமும் இதே போக்கில்தான் இருந்தது.

ஏன் இப்படி? புகை உள்ளே சென்றதும் இரத்தக் குழாயின் உட்சுவர் பாதிக்கப்படுகிறது. இரத்தம் எளிதில் உறையும் தன்மை கூடுகிறது. இதற்குக் கொஞ்சம் புகையே போதும். அதனால்தான் அளவைக் குறைப்பதால் இதயத்துக்கும் மூளைக்கும் கிடைக்கும் பாதுகாப்பு நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருக்கிறது. புற்றுநோயைப் பொறுத்தவரை அளவைக் குறைப்பதில் ஓரளவு பலன் உண்டு. ஆனால் எத்தனை ஆண்டுகள் புகைக்கிறோம் என்பதும் அங்கே முக்கியம். ஐந்தே சிகரெட் என்றாலும், அதைத் தொடரும் ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் சேர்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிகரெட்டின் எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் பலர், தம்மை அறியாமலேயே ஒவ்வொன்றையும் ஆழமாக இழுக்கிறார்கள். கடைசி நுனி வரை பிடிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்த அளவுக்கு உடலுக்குள் போகும் நஞ்சு குறைவதில்லை.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கு இருந்தால், இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த ஐந்து சிகரெட் அதன்மேல் வைக்கும் சுமை.

கடைசிச் சில சிகரெட்டுகள் மட்டும் ஏன் போவதில்லை?

இது மன பலவீனம் அல்ல. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, நிக்கோட்டின். சிகரெட் புகையில் உள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. இரவு முழுவதும் தூங்கி எழும்போது உடலில் நிக்கோட்டின் மிகக் குறைந்திருக்கும். அதனால்தான் காலையின் முதல் சிகரெட்டை விடுவது பலருக்கு மிகக் கடினமாக இருக்கிறது. வேப்பிலும் நிக்கோட்டின் இருப்பதால், அந்தப் பழக்கம் உடலை விட்டுப் போவதில்லை. பசி அடங்காமல் அவ்வப்போது கொஞ்சம் தீனி போடுவது போலத்தான் அது.

இரண்டு, நேரமும் இடமும். நாற்பது ஆண்டுகளாகத் தே தாரிக்கோடு சிகரெட் சேர்ந்தே வந்திருக்கிறது. டீயின் வாசனை வந்தாலே கை சட்டைப் பையைத் தேடுகிறது. வேப் வந்த பிறகு எளிதான நேரங்களில் சிகரெட் போய்விட்டது. பழக்கம் ஆழமாக வேரூன்றிய நேரங்களில் மட்டும் நின்றுவிட்டது.

மூன்று, பழகிய மனிதர்கள். துக்க வீட்டில், திருமணக் கூடத்துக்கு வெளியே, பழைய நண்பர்களுடன் நிற்கும்போது ஒருவர் பெட்டியை நீட்டுவார். மறுத்தால் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம். ஒன்றுதானே என்று வாங்கிக்கொள்கிறோம்.

இந்த மூன்றையும் தனித்தனியாகக் கையாள வேண்டும். முதலாவதற்கு மருந்து இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் திட்டம் வேண்டும்.

வேப் ஒரு மருந்தா?

மலேசியாவில் எந்த வேப்பும் புகைப்பதை நிறுத்தும் மருந்தாகப் பதிவு செய்யப்படவில்லை. சுகாதார அமைச்சும் அதை அதற்காகப் பரிந்துரைப்பதில்லை. வேறு சில நாடுகளில், சிகரெட்டை விட முடியாத பெரியவர்களுக்கு வேப்பை ஒரு வழியாகக் கூறுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கும் சொல்லப்படும் அறிவுரை ஒன்றுதான்: சிகரெட்டை முற்றாக நிறுத்த வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதை எந்த மருத்துவரும் நல்லது என்று சொல்வதில்லை.

வேப்பில் புகையிலை எரிவதில்லை. ஆகவே எரியும் புகையில் உள்ள பல நச்சுப் பொருள்கள் அதில் குறைவு. அதனால் அது பாதிப்பற்றது என்று பொருள் ஆகாது. அதன் ஆவியிலும் நுரையீரலைத் தொந்தரவு செய்யும் பொருள்கள் உண்டு. நிக்கோட்டின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. நீண்ட காலம் பயன்படுத்தினால் என்னென்ன விளைவுகள் வரும் என்று முழுமையாகச் சொல்லும் அளவுக்கு வேப் இன்னும் பழையதாகவில்லை. யார் கலந்தது என்று தெரியாத திரவங்களில் போதைப்பொருள் கலந்திருந்ததைக் காவல்துறை கண்டுபிடித்த சம்பவங்களும் நம் நாட்டில் உண்டு.

பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். பழ வாசனை வீசும் அந்தத் திரவத்தைக் குழந்தை குடித்துவிட்டால் நிக்கோட்டின் நஞ்சாக மாறும். வேப்பையும் திரவத்தையும் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள 852ஆம் சட்டத்தின்படி, புகைக்கத் தடை செய்யப்பட்ட இடங்களில் சிகரெட்டைப் போலவே வேப்பும் தடை செய்யப்பட்டுள்ளது. உணவுக் கடைகளும் அவற்றுள் அடங்கும்.

இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது?

"இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனி விட்டு என்ன?" என்று பலர் சொல்கிறார்கள். உடல் அப்படி நினைப்பதில்லை.

• கடைசி சிகரெட்டுக்குப் பின் 20 நிமிடங்களில் இதயத் துடிப்பு குறையத் தொடங்குகிறது.
• ஒன்றிரண்டு நாளில் இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு, புகைக்காதவர் அளவுக்குக் குறைகிறது.
• சில வாரங்களில் இருந்து சில மாதங்களுக்குள் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன.
• ஓராண்டில், புகைப்பதால் வந்த கூடுதல் இதய நோய் அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது.

பிரிட்டனில் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. 60 வயதில் புகைப்பதை நிறுத்தியவர்களுக்குக் கூட, தொடர்ந்து புகைத்தவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் கூடுதல் ஆயுள் கிடைத்தது. மூன்று ஆண்டு என்பது ஒரு பேரப்பிள்ளை பிறந்து, நடந்து, பேசி, பாலர் பள்ளிக்குப் போகும் காலம்.

பணக் கணக்கையும் பாருங்கள். ஒரு பெட்டி 17 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஐந்து சிகரெட் என்பது ஆண்டுக்குச் சுமார் 1,550 ரிங்கிட். வேப் திரவத்தின் செலவு இதில் சேரவில்லை.

அந்தக் கடைசிச் சிகரெட்டை விடும் வழி

1. மூன்று நாள் எழுதுங்கள். ஒரு சிறு தாளைச் சிகரெட் பெட்டியோடு சேர்த்து ரப்பர் வளையத்தால் கட்டி வையுங்கள். ஒவ்வொரு முறையும் எடுக்கும்போது நேரம், இடம், பக்கத்தில் யார் இருந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் முடிவில் உங்கள் ஐந்து சிகரெட்டும் எந்தெந்த நேரத்தில் ஒளிந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

2. நாள் குறியுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பிறந்தநாள், திருமண நாள், விரதம் தொடங்கும் நாள் எதுவாகவும் இருக்கலாம். வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு முதல் நாள் இரவு மீதமுள்ள சிகரெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். "அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும்" என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

3. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு மாற்று வையுங்கள். காலையில் எழுந்ததும் முதலில் பல் துலக்கி, ஒரு குவளை வெதுவெதுப்பான நீர் குடித்து, வாசலுக்குப் போய் நடந்து வாருங்கள். தே தாரிக் நேரத்தில் சில வாரங்களுக்குக் கடையை மாற்றுங்கள், அல்லது வீட்டிலேயே குடியுங்கள். சாப்பிட்டு முடித்ததும் உடனே எழுந்து தட்டைக் கழுவுங்கள். நண்பர் பெட்டியை நீட்டினால், "டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாருப்பா" என்ற ஒரே வாக்கியம் போதும். அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவது அரிது.

4. தவிப்பு வந்தால் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். புகைக்க வேண்டும் என்ற தவிப்பு பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். யாரையாவது தொலைபேசியில் அழையுங்கள். ஏலக்காய் அல்லது கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளலாம். வெற்றிலையுடன் புகையிலை, சுருட்டு, பீடி ஆகியவை மாற்று அல்ல. அவையும் அதே நிக்கோட்டின்தான், அதே புற்றுநோய்தான்.

5. மருந்தைப் பயன்படுத்துங்கள். மன உறுதியை மட்டும் நம்பி விடுபவர்களைவிட, மருந்தும் ஆலோசனையும் பெறுபவர்கள் வெற்றி பெறும் வாய்ப்பு அதிகம். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பிளாஸ்டர், நாள் முழுவதும் சிறிது சிறிதாக நிக்கோட்டினைத் தருகிறது. நிக்கோட்டின் சுவிங்கம், திடீரென வரும் தவிப்பைத் தணிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் தரும். மாத்திரைகளும் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்வார்.

சுவிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல மென்றுகொண்டே இருக்கக்கூடாது. சில முறை மென்றதும் காரம் தெரியும். உடனே நிறுத்தி, வெற்றிலையை அதக்குவது போலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வையுங்கள். காரம் போனதும் மீண்டும் மெல்லுங்கள். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பும், மெல்லும்போதும் டீ, காப்பி, பழச்சாறு வேண்டாம். அவை மருந்து வாயில் சேர்வதைத் தடுக்கும். பல்செட் அணிந்திருப்பவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சுவிங்கம் அவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம்.

வேப்பை எப்போது விடுவது?

இரண்டையும் ஒரே நாளில் விட முடிந்தால் நல்லது. நிக்கோட்டின் மருந்து துணைக்கு இருந்தால் பலருக்கு அது முடிகிறது. முடியாது என்று தோன்றினால் முதலில் சிகரெட்டை முழுமையாக நிறுத்துங்கள். அது உறுதியான பிறகு, வேப்பை விடும் திட்டத்தை மருத்துவருடன் சேர்ந்து வகுத்துக்கொள்ளுங்கள். வேப்பை விடும் அவசரத்தில் மீண்டும் சிகரெட்டுக்குத் திரும்பிவிடக்கூடாது. ஆனால் வேப்பிலேயே தங்கிவிடுவதும் நம் நோக்கம் அல்ல. இரண்டும் இல்லாத நாள்தான் இலக்கு.

விடும்போது உடலில் வரும் மாற்றங்கள்

முதல் வாரம் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, பசி, கவனக் குறைவு ஆகியவை வரலாம். இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் இவை படிப்படியாகக் குறையும். மூத்தவர்கள் குறிப்பாக மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலச்சிக்கல்: சிகரெட் இல்லாமல் காலைக்கடன் கழிக்க முடியாது என்று பலர் அஞ்சுகிறார்கள். நிக்கோட்டின் குடலைத் தூண்டுவதால், விட்ட சில நாளைக்கு மலச்சிக்கல் வருவது உண்மைதான். குடல் விரைவில் பழகிக்கொள்ளும். தண்ணீர், கீரை, பப்பாளி, நடைப்பயிற்சி உதவும்.

டீயும் காப்பியும்: புகையை நிறுத்தியதும், அவற்றில் உள்ள காஃபின் உடலில் அதிக நேரம் தங்குகிறது. வழக்கமான மூன்று டீ இப்போது படபடப்பைத் தரலாம். அதைச் சிகரெட் இல்லாத தவிப்பு என்று தவறாக எண்ண வேண்டாம். டீயைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

மற்ற மருந்துகள்: சிகரெட் புகை சில மருந்துகள் வேலை செய்யும் அளவை மாற்றுகிறது. புகையை நிறுத்தியதும் அவற்றின் அளவைச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம். இன்சுலின், வார்ஃபரின், ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின், சில மனநல மருந்துகள் ஆகியவை இவற்றுள் அடங்கும். நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு கிளினிக்கிற்கு எடுத்துச் செல்லுங்கள். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

தவறி ஒன்று பிடித்துவிட்டால்

அன்றோடு எல்லாம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு சிகரெட் ஒரு சறுக்கல்தான். பெட்டி வாங்குவதுதான் பழைய இடத்துக்குத் திரும்புவது. எந்த நேரத்தில், எந்த இடத்தில் சறுக்கியது என்று பாருங்கள். அந்த நேரத்துக்கு வேறொரு மாற்றைத் தேடுங்கள். முழுமையாக விட்டவர்களில் பலர் அதற்கு முன் பல முறை முயன்றவர்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

அப்பா, தாத்தா, மாமா யாராக இருந்தாலும், "இன்னும் விடலையா?" என்று குத்திக் காட்டாதீர்கள். மூடியிருக்கும் பெட்டியைத் தேடிச் சோதனை செய்வதும் உதவாது. "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் அவர் கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பின் அவருடன் சிறிது தூரம் நடங்கள். வீட்டில் வேறு யாராவது புகைப்பவராக இருந்தால் அவரும் சேர்ந்து விட்டால் இருவருக்கும் எளிது.

எங்கே உதவி கிடைக்கும்?

அரசாங்க சுகாதார கிளினிக்குகள் பலவற்றில் புகைப்பதை நிறுத்தும் பிரிவு உண்டு. அதன் பெயர்ப்பலகையில் "கிளினிக் பெர்ஹென்தி மெரோக்கோக்" என்று இருக்கும். முகப்பில், "சாயா மாவு பெர்ஹென்தி மெரோக்கோக்" என்று சொன்னால் போதும். உங்கள் கிளினிக்கில் அந்தப் பிரிவு இல்லையென்றால், அருகில் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். மொழி தயக்கமாக இருந்தால் மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஜோம்குவிட் இணையத்தளத்திலும் பதிவு செய்யலாம்.

அங்கே உங்களைத் திட்ட மாட்டார்கள். எவ்வளவு புகைக்கிறீர்கள், எப்போது தொடங்கினீர்கள், வேப் இழுக்கிறீர்களா என்று கேட்பார்கள். வேப்பை மறைக்க வேண்டாம். நிக்கோட்டின் அளவைத் தீர்மானிக்க அந்தத் தகவல் தேவை. ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்வார்கள். உங்கள் மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அது எண்ணாகக் காட்டும். வேப்பில் எதுவும் எரிவதில்லை என்பதால், அந்த எண் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் அந்த ஐந்து சிகரெட்தான். சிகரெட்டை முழுமையாக விட்டு அடுத்த முறை ஊதும்போது அந்த எண் இறங்கியிருப்பதை உங்கள் கண்ணாலேயே காணலாம்.

நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல் ஆகியவை ஏற்பட்டால் உடனே 999ஐ அழையுங்கள். சளியில் இரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், காரணமில்லாமல் உடல் எடை குறைதல் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

இருபதிலிருந்து ஐந்துக்கு நீங்களாகவே வந்துவிட்டீர்கள். ஐந்திலிருந்து பூஜ்யத்துக்கு வர உதவி இருக்கிறது. அடுத்த முறை மருந்து வாங்கக் கிளினிக்கிற்குப் போகும்போது கேளுங்கள்.